பயம்: ஏறும்போது ஓர் அளவு, இறங்கும்போது ஓர் அளவு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஆய்வகத்தில் பதினான்கு அழுத்தமானிகளைச் சோதித்தேன். இரண்டு தேறவில்லை. மதியம் அக்கா அழைத்தாள்.

"ஏப்ரல் கடைசியில பிரசவம்னு சொல்லிட்டாங்க. இவர் கப்பல்ல இருந்து இறங்க மே கடைசி ஆகும். அம்மா அந்த முட்டியை வச்சுக்கிட்டு வர முடியாது. நீ வர்றியா?"

"வர்றேன்."

அக்கா ஆஸ்பத்திரி விவரம் சொன்னாள். பிறகு, "முடியாதுன்னா இப்பவே முடியாதுன்னு சொல்லிடு. காய்ச்சல் மட்டும் வேண்டாம்."

மூன்று வருடத்துக்கு முன் அவள் கல்யாணத்துக்குக் கிளம்பினேன். விமானத்தின் வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். காய்ச்சல் என்று சொன்னேன். ஆக, தெரிந்தேதான் இருந்திருக்கிறாள்.

அவள் ஊருக்கும் எனக்கும் இடையில் கடல். ரயில் கிடையாது.

மார்ச் 4

பயணச்சீட்டு வாங்கிவிட்டேன். ஏப்ரல் 16, காலை. ரத்து செய்தால் பணம் திரும்பாத வகை. வேண்டுமென்றேதான்.

மார்ச் 9, திங்கள்

ஊரில் எல்லோரிடமும் என் விமானப் பயத்துக்கு ஒரு மருந்து இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் எடைப் பிரிவில் இருப்பவனை எல்லோரும் 'தராசு' என்றுதான் கூப்பிடுவோம். அவன் சொன்னான்: "கார்ல போறதைவிட பிளேன்தான் பத்திரம் தெரியுமா?"

"உன் கார்ல ஏறின எனக்கு அது தெரியாதா?"

டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "போட்டுக்கிட்டா தூங்கிடுவீங்க. முழிச்சுப் பார்த்தா ஊர் வந்திருக்கும்."

வேண்டாம். மூட்டையாக இறக்கப்பட எனக்கு விருப்பமில்லை. போட்டுக்கொள்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று திரும்பி நடந்தவள் விழித்துக்கொண்டுதான் திரும்பினாள். அவளே விழித்துக்கொண்டு போகட்டும்.

மார்ச் 17

எதற்குப் பயம்? இன்று நேர்மையாக உட்கார்ந்து யோசித்தேன்.

விழுவதற்கு இல்லை. விமானக் கதவுக்கு. அது சாத்தப்படும் அந்தக் கனத்த சத்தத்துக்கு. பேருந்தில் மணியை அழுத்தலாம். பிடிக்காத கூட்டத்திலிருந்து எழுந்து போகலாம். அந்தக் கதவு மூடியபின் "நிறுத்துங்க, நான் இறங்கணும்" என்று சொல்ல ஆள் கிடையாது.

சரி. எதிரியின் முகவரி தெரிந்துவிட்டது.

மார்ச் 26

எங்கள் வேலையில் முள்ளைத் திருத்துவதில்லை. அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் முள் என்ன காட்டுகிறது என்று எழுதுவோம். பிறகு படிப்படியாக இறக்கி, மறுபடி எழுதுவோம். இரண்டு பத்தியும் நிரம்பினால்தான் சான்றிதழ். கருவியில் பிழை இருக்கலாம்; எவ்வளவு என்று தெரிந்தால் அதை வைத்து வேலை செய்யலாம்.

என்னை மட்டும் ஏன் திருத்தப் பார்க்கிறார்கள்?

இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை போட்டேன். பயம், பூஜ்யம் முதல் பத்து வரை. போகும்போது ஒரு பத்தி, வரும்போது ஒரு பத்தி.

ஒத்திகையாக விமான நிலையம் வரை பேருந்தில் போனேன். வாசலில்: 5. உள்ளே காப்பி குடிக்கும்போது: 6. காப்பி மோசம், அதற்கு ஒரு புள்ளி கழிக்கலாம்.

ஏப்ரல் 5

கதவுக் கனவு. எழுந்து எல்லாத் துணியையும் துவைத்தேன்.

ஏப்ரல் 14

ஆய்வகத்தில் கழித்துப் போட்ட பொருட்களில் ஒரு சின்னக் காற்றழுத்தமானி கிடந்தது. வீட்டுச் சுவரில் மாட்டுகிற ரகம். முகப்பில் வெயில், மாறுதல், மழை, புயல் என்று வரிசையாக எழுதியிருக்கும். கேட்டு வாங்கிக்கொண்டேன். விமானத்துக்குள்ளே காற்று ஒழுங்காக இருக்கிறதா என்று என் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தராசு: "கல்யாண வீட்டுக்கு ஸ்டெதாஸ்கோப்போட போற டாக்டர் மாதிரி இருக்கு நீ பண்றது."

இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 16, இருக்கையில்

கதவு சாத்திவிட்டார்கள். 9.

கால் எழுந்திருக்கச் சொல்கிறது. மாட்டேன் போ.

ஓடுகிறது — ஓடுகிறது — 10

அதே நாள், ஒரு மணி நேரம் கழித்து

பேனாவை மறுபடி எடுத்தேன். எழுதுகிறேன்.

மேலே ஏற ஏற முள் இறங்கியது. மாறுதல். மழை. புயல். புயலையும் தாண்டிக் கடைசி ஆணியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. நான்கு வருடமாக அழுத்தமானிகளுக்குக் கையெழுத்துப் போடுகிறவள், பொத்தானை அழுத்திப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "காத்து கசியுதுங்க, இங்க பாருங்க" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "இது எங்க மாட்டுறதும்மா?"

"சுவத்துல."

"வீட்டுச் சுவத்துல. இவ்ளோ உசரம் வந்தா உள்ள காத்து மலை மேல இருக்கிற மாதிரிதான் இருக்கும். தினமும் இப்படித்தான். பாவம், முள்ளு பயந்துடுச்சு."

எனக்குத் தெரியாதா இது? 'அளவு வரம்புக்கு வெளியே பயன்படுத்தக் கூடாது.' ஒவ்வொரு சான்றிதழிலும் என் கையெழுத்துக்கு மேலே போகிற வரி!

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

பயம்: 10. சிரித்தபோதும் 10. எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 16, மாலை

வெளிவாசலில் அக்கா, வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி. மூன்று வருடம்.

"காய்ச்சல் எப்படி இருக்கு?"

"இருக்குக்கா. கூடவே கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்."

என் பையைப் பிடுங்கப் பார்த்தாள். கொடுக்கவில்லை. அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் அழுதோம்.

ஏப்ரல் 27

பெண். மூன்று கிலோ நூறு கிராம். "இந்தத் தராசைக் கடைசியா எப்போ சோதிச்சீங்க?" என்று நர்ஸிடம் கேட்டேன். அந்தக் களைப்பிலும் அக்கா என்னை வெளியே போகச் சொன்னாள்.

மே 30, சனி, இருக்கையில்

காற்றழுத்தமானியை அக்கா வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு வந்தேன். 'மாறுதல்' காட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே அது சரியாகத்தான் சொல்லும்.

இரண்டாம் பத்தி. விமான நிலைய வாசல்: 5. கதவு: 9. போனபோதும் ஒன்பதுதான். பழகினால் குறையும் என்றார்களே எல்லோரும்! ஒரு புள்ளி குறையவில்லை.

மேலெழும்போது: 10.

அட்டவணை நிரம்பிவிட்டது. கீழே கையெழுத்துப் போட்டேன். எங்கள் சான்றிதழ்களில் கடைசி வரி, அடுத்த சோதனைக்கான தேதி. அக்கா வீட்டுக்கு மறுபடி வர நேற்றே சீட்டு வாங்கியாகிவிட்டது. நிரப்புவது சுலபமாக இருந்தது.

டிசம்பர் 12. குழந்தைக்குப் பல் முளைத்திருக்கும்.