அழிக்காமல் வைத்த கேர்னல்

இன்று காலை அலுவலகத்தில் ஒரு கணினியின் திரை கறுத்துப்போனது. லினக்ஸின் மையக்கருவான கேர்னலில் புதியதை ஏற்றி மறுபடி இயக்கியதும் படங்கள் எதுவும் வரவில்லை. கறுப்பில் வெள்ளை எழுத்துகள் ஓடி நின்றன. கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் விழுந்துவிட்டது. எனக்கு உன் வெள்ளவத்தை அறையின் வாசம் வந்தது: கடல் உப்பு, ஜன்னலில் நீ காயப்போட்ட துவாய், சூடேறிய கணினிப் பெட்டியின் தூசி.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வகுப்பில் வாய் திறக்காத ஆளும் நானே. நீ யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். யாரோடும் கதைப்பாய், ஆனால் உன் சிங்களம் கடையில் "கீயத" என்று விலை கேட்பதோடு முடிந்துவிடும்.

இறுதியாண்டு வேலையாக மனித இதயமொன்றைத் திரையில் சுழலவிட்டிருந்தோம். திங்கட்கிழமை அதைக் காட்ட வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை, புதிய கேர்னலில் இன்னும் வேகமாக ஓடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஞாயிறு காலை மாற்றினோமே, அந்தப் புத்தியை என்னவென்பது! உன் அறையில் இன்டர்நெட் இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து பென் டிரைவில் கேர்னலைக் கொண்டுவந்த நாம், அதற்கேற்ப டிரைவரைத் திரும்பக் கட்டத் தேவையான ஹெடர்ஸ் பொதியை மறந்துவிட்டோம்.

ஏற்றி முடித்ததும், "பழசு இடத்தைப் பிடிக்குது, அழிப்பமே?" என்றேன்.

"விசரே உனக்கு? புதுசு ஓடிக் காட்டட்டும். பிறகு பாப்பம்."

புதியது ஓடிக் காட்டவில்லை. கறுப்புத் திரையில் நீ ஏதேதோ தட்டிக்கொண்டிருந்தபோதுதான் கதவு தட்டப்பட்டது. போர்க்காலம்; ஒழுங்கை முழுவதும் வீடு வீடாகச் சோதனை. வந்த பொலிஸ்காரர் அடையாள அட்டைகளைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

"மே மொகக்த?"

இது என்ன என்று அவர் கேட்டது உனக்கும் விளங்கியது. "கம்பஸ் புரொஜெக்ட், சேர்," என்றாய். அவருக்கு அது போதவில்லை. இரண்டு தமிழ்ப் பெண்கள், மூடிய அறை, வெள்ளை எழுத்துகள் நிறைந்த கறுப்புத் திரை. பெட்டியைக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்றார். அதற்குள்தான் நம் ஓராண்டு வேலை முழுவதும் இருந்தது. வேறு பிரதி இல்லை.

நீ என் கையைக் கிள்ளினாய். "ரெண்டு நிமிஷம் கேளடி. பழசில போட்டுக் காட்டுறன். உனக்குத்தானே சிங்களம் தெரியும்!"

என் நாக்கு ஒட்டிக்கொண்டது. நீ மறுபடி இயக்கக் கணினியை நிறுத்திவிட்டாய், அவர் வயரில் கை வைத்துவிட்டார்.

"பொட்டக் இன்ன, சேர்!" என்றேன். கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொன்னது ஒழுங்கை வரை கேட்டிருக்கும். பிறகு நிற்கவில்லை. திரை பழுதென்பதையும் நாளைக்குப் பரீட்சை என்பதையும் கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில் ஒரே மூச்சில் கொட்டினேன். கணினி எழும்போது வரும் தொடக்கப் பட்டியலில் நீ கீழே இறங்கி, பழைய கேர்னலைத் தெரிவுசெய்தாய்.

சிவப்பாக இதயம் எழுந்து மெல்லச் சுழன்றது. அவர் குனிந்து பார்த்தார். "ஹதவத நேத?" இதயம்தானே என்று கேட்டு, தன் மகளும் டொக்டராக வேண்டும் என்கிறாள் என்றார். வயரை விட்டுவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் நீ கட்டிலில் விழுந்து சிரித்தாய். "எடியே, மூண்டு வருசமா இந்த வாயை எங்க ஒளிச்சு வச்சனி?"

அடுத்த மழைக்கு உனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது; ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை. பட்டமளிப்புக்கு எடுத்து வைத்த சேலையை நீ உடுத்தவில்லை.

இன்று அலுவலகத்தில் மேலதிகாரி எரிச்சலோடு எழுந்து வந்தபோது, "பொட்டக் இன்ன, சேர்," என்றேன். குரல் நடுங்கவில்லை. பட்டியலில் கீழே இறங்கினேன், படம் வந்தது.

உன் கணினியை உன் அம்மா எனக்கே விட்டுவிட்டார். வேண்டிய ஹெடர்ஸைக் கொண்டுவந்து டிரைவரைக் கட்டிவிட்டேன். புதிய கேர்னலிலும் இதயம் நன்றாகவே சுழல்கிறது. பழையதை இனி அழித்துவிடலாம். ஆனால் பிறகு பாப்பம் என்று சொன்னவள் நீ. அது அப்படியே இருக்கிறது.