டாலாவில் பயா இல்லை

அன்பு அண்ணாவுக்கு,

‘அன்பு’ என்று எழுதக் கை கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் எழுதிவிட்டேன். நீ இருந்தவரை உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். இந்தக் கடிதத்தில் அது வரவில்லை. இத்தனை கோபத்தில் இருப்பவளிடம் மரியாதைப் பன்மை எதிர்பார்க்காதே.

வருகிற புதன்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. அதற்கு உன் சிநேகிதர்கள் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ‘எழுதாத தாள்’ என்ற உன் கட்டுரையைச் சிறு புத்தகமாகப் போடுகிறார்கள். உன் படமும் உண்டு, கழுத்துப்பட்டி கோணலாக இருக்கும் அந்தப் படம். இங்கே ரங்கூனில் கியாக்டடாப் பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் அருளப்பன் சார் நேற்று நேரில் வந்து அச்சுப்படியைக் கொடுத்தார். உன் கையெழுத்து புரிகிற ஒரே ஆள் நான்தானாம், பிழை திருத்தித் தரவேண்டுமாம். நாளைக்குள் வேண்டும் என்றார்.

படி என் முன்னால் இருக்கிறது. எழுத்துப்பிழை ஏழு. திருத்திவிட்டேன். எட்டாவது பிழை உன்னுடையது. அதை என்ன செய்வது என்றுதான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தெரியும், எது என்று. பதினோராம் பக்கம். “ரங்கூனிலிருந்து ஆற்றைக் கடந்தால் டாலாவில் ஒரு சிற்றூர். அங்குள்ளோர்க்குக் கடவுள் என்ற எண்ணமே இல்லை என்று நம்பத்தகுந்த ஒரு பிரயாணி கூறுகிறார்.” எவ்வளவு அழகான வாக்கியம்! யார் அண்ணா அந்தப் பிரயாணி? சனிக்கிழமை காலையில் சம்பான் படகில் ஏறி, புடவை நனைந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மிஷன் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, உனக்குச் சட்டையும் தேய்த்துக் கொடுத்த உன் தங்கையா?

இருநூறு வருஷத்துக்கு முன்பு வாழ்ந்த உன் இங்கிலீஷ் தத்துவஞானியைப் பற்றி நீ பேசாத நாள் கிடையாது. பிறக்கும்போது மனம் எழுதாத தாள், அனுபவம்தான் அதில் எழுதுகிறது என்றவர். கடவுள் எண்ணம்கூடப் பிறவியில் வருவதில்லை என்று காட்ட அவருக்குச் சாட்சி தேவைப்பட்டது. அலமாரி நிறையப் பிரயாணப் புத்தகங்கள் வாங்கி வைத்தார். பிரேசிலில் இப்படி, ஆப்பிரிக்கக் கரையில் அப்படி, நம் பக்கத்து நாடான சயாமிலும் கடவுள் எண்ணம் இல்லை என்று மாலுமிகளும் தூதர்களும் எழுதியதைப் பொறுக்கி எடுத்து அடுக்கினார். அவர் கடல் தாண்டிப் போனது பிரான்ஸ், ஹாலந்து என்று பக்கத்து நாடுகளுக்குத்தான். மற்றதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து போன ஊர்கள்.

உனக்கும் அந்த ஆசை வந்தது. கப்பல்காரர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தனுப்புவார்களாமே அந்தக் காலத்தில், அதேபோல ஒரு தாளில் ஒன்பது கேள்விகள் எழுதி என் பைக்குள் வைத்தாய். நீயே வந்து கேட்டால் என்ன என்றேன். சம்பான் ஆடினால் தலை சுற்றும் என்றாய். நம் வீடு இருக்கும் சூலே பயாப் பக்கத்திலிருந்து கரை கூப்பிடு தூரம், கரையில் நின்றால் டாலா கண்ணுக்குத் தெரியும். அதைக்கூட நீ கடக்கவில்லை.

என் பர்மியப் பாஷை கடைவீதிப் பாஷை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்து, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த டோ கின்னிடம்தான் கேட்டேன். கடவுளுக்கு நான் அறிந்த சொல் ‘பயா’. “பயா ஷிலா?” என்று கேட்டேன். இருக்கிறாரா என்றுதான் நினைத்துக் கேட்டேன். அந்த அம்மா தெருப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, “மஷிபூ” என்றாள். இல்லை.

அவள் ஏன் தெருப் பக்கம் பார்த்தாள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அன்றே வந்து உன்னிடம் சொன்னேன். நீ நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாய்.

அடுத்த வாரம்தான் தெருக்கோடியில் செங்கல் குவியலையும் மூங்கில் சாரத்தையும் பார்த்தேன். கோபுரம் கட்டுகிறார்கள். கோபுரத்துக்கும் பயா என்றுதான் பெயர். சூலே பயா என்று தினம் பத்துத் தரம் சொல்கிற நமக்கு இது தோன்றவில்லை பார். உங்கள் ஊரில் கோபுரம் இருக்கிறதா என்று நான் கேட்டிருக்கிறேன். இன்னும் கட்டி முடியவில்லை, இல்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஓடிவந்து உன்னிடம் சொன்னேன்.

கட்டுரை அப்போது உன் மேஜையில்தான் இருந்தது. பத்திரிகைக்குப் போகவில்லை. அந்த இரண்டு வரியை அடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. நீ என்ன சொன்னாய்?

“ஒரு சொல்லுக்காக ஒரு வாதத்தையே தள்ளிட முடியுமா எஸ்தர்? நீ சொல்றது இருந்துட்டுப் போகட்டும். இது நல்லா வந்திருக்கு.”

நல்லா வந்திருக்கு! அதை என்னால் மன்னிக்க முடியவில்லை அண்ணா. தெரியாமல் செய்தது என் தப்பு. தெரிந்து செய்தது உன் தப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பத்திரிகையில் வந்த உன் கட்டுரையை மிஷன் கமிட்டியில் ஒருவர் படித்தார். தெய்வ எண்ணமே இல்லாத ஊர்க்காரியிடம் பிள்ளைகளை விட்டுவைக்கலாமா என்று கேட்டார். அன்றைக்குக் கூட்டத்தில் நீயும் இருந்தாய், கட்டுரைக்காக உனக்குக் கொடுத்த பூங்கொத்தோடு. நான் பின்வரிசையில் இருந்தேன். நீ வாய் திறப்பாய் என்று உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. டோ கின் தன் ஊசிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தன்னை ஏன் அனுப்பினார்கள் என்று என்னிடம் கேட்டாள். தெரியாது என்று பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு மூன்றே மாதம். உனக்குக் காய்ச்சல் வந்தது. நெற்றிக்குத் துணி நனைத்துப் போட்டபோதெல்லாம் கேட்க நினைத்தேன், உனக்கு அது உறுத்தவே இல்லையா என்று. நோயாளியிடம் எப்படிக் கேட்பது? கேட்காமலே விட்டேன். அந்தக் கோபம்தான் எனக்கு இன்றுவரை போகவில்லை.

நீ போன பிறகு உன் தத்துவஞானியின் புத்தகத்தை எடுத்து நானே படித்தேன். என் இங்கிலீஷுக்கு அது கடினம்தான், ஆனால் முடித்தேன். ஒன்று சொல்கிறேன், கேள். அவர் தன் பிரயாணிகளின் பெயரைப் போட்டிருக்கிறார். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்றுகூடக் குறித்திருக்கிறார். சந்தேகம் இருக்கிறவன் போய்த் தேடிப் பார்க்கலாம். நீ அவரிடமிருந்து நாற்காலியை மட்டும்தான் கற்றுக்கொண்டாய்.

ஆனால் அவரையும் நான் விடுவதாக இல்லை. அந்த மாலுமிகள் எந்தச் சொல்லால் கேட்டார்கள்? எந்தத் துறைமுகத்தில், யாரிடம் கற்ற அரைகுறைப் பாஷையில்? பிரேசிலிலும் ஒருத்தி தெருப் பக்கம் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்றிருப்பாளோ?

நீ சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டே. எங்கள் ஊரில் குளிர்காலத்தில் தண்ணீர் கெட்டியாகிவிடும், யானையே நடக்கலாம் என்று ஹாலந்துத் தூதர் சொல்ல, சயாம் ராஜா அவரைப் பொய்யர் என்றாராம். நான் சட்டை தேய்ப்பேன், நீ ராஜா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நடித்துக் காட்டுவாய். எனக்கும் சிரிப்பு அடங்காது. அந்தச் சாயங்காலங்களுக்காக ஏங்குகிறேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இப்போது யோசித்தால் அந்த ராஜா பரவாயில்லை. தான் பார்க்காததை நம்பமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். நீ பார்க்காததை அச்சில் ஏற்றினாய்.

போன ஞாயிற்றுக்கிழமை டோ கின்னைத் தேடிப் போனேன். ஒரு வருஷத்துக்கு மேலாக வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனவள், அன்று நேரே போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். கேள்வித்தாள், என் பாஷை, உன் இரண்டு வரி, கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம். அவள் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தெருக்கோடியைக் காட்டினாள். கோபுரம் முடிந்துவிட்டது. சின்னதுதான். சுண்ணாம்பு பளிச்சென்று இருக்கிறது, உச்சியில் குடையும் ஏற்றிவிட்டார்கள்.

“இப்ப வந்து கேக்கச் சொல்லு டீச்சர், உங்க அண்ணனை,” என்றாள். “ஷிடேன்னு சொல்றேன்.”

இருக்கிறது என்று சொல்வாளாம். நீ இறந்துவிட்டாய் என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். பிறகு, செய்த புண்ணியத்தில் இறந்தவர்களுக்கும் பங்கு கொடுத்துத் தண்ணீர் ஊற்றுவார்களே, பௌர்ணமியன்று கோபுரத்தில் உனக்காகவும் அப்படி ஊற்றுகிறேன் என்றாள்.

“பேரு தெரியணும். உங்க அண்ணன் பேரு என்ன?”

அண்ணா, அவளைப் பற்றி இரண்டு வரி எழுதிய நீ அவள் பெயரை என்னிடம் ஒரு தரமாவது கேட்டாயா?

உன் பெயரைச் சொன்னேன். அவள் வாயில் அது சரியாக வரவில்லை. வரும்வரை நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தாள்.

இறந்தவர் எழுத்தில் கை வைக்கக்கூடாது என்று அருளப்பன் சார் சொல்லியிருக்கிறார். வைக்க மாட்டேன். உன் இரண்டு வரியும் அப்படியே இருக்கும், எல்லாரும் படிக்கட்டும். அதன் கீழே ஒரு குறிப்பு வரும். கேட்ட கேள்வி என்ன, சொன்ன பதில் என்ன, கேட்டவள் யார், சொன்னவள் யார், எழுதியவருக்கு அது எப்போது தெரியும், எல்லாம் இருக்கும். குறிப்பு இல்லாமல் இந்தப் படி என் கையை விட்டுப் போகாது. அதைப் படித்தால் கமிட்டி என்னையும் அனுப்பிவிடும், தெரியும். அனுப்பட்டும். பௌர்ணமியன்று சம்பானில் போய், டோ கின் உன் பெயரைச் சரியாகச் சொல்கிறாளா என்று பக்கத்தில் நின்று கேட்பேன். இது சத்தியம்.

உன் தங்கை,
நீ பெயர் போடாத பிரயாணி,
எஸ்தர்