கூம்பு வில்லையும் பிறைக் கணக்கும்

ஜூலை 30, செவ்வாய்
கச்சான் காற்று ஓயவில்லை. கடலேரியின் உப்பு மீண்டும் கூம்பு வில்லையில். துடைத்தேன். முனைவாக்கிய லேசர்க் கற்றையை அதனூடே குவித்தால் நடுவில் ஒளிப்புள்ளி வரவேண்டும். இன்றும் வளையம் மட்டுமே. நடு இருள்.

ஆய்வு விதிகள் பழையபடி: ஜன்னலுக்குக் கறுப்புச் சீலை, வீட்டில் எங்கும் மின்விசிறி கூடாது (காற்றசைந்தால் கற்றை ஆடும்). இவற்றால்தான் ஸுலைஹாவுடன் சண்டை. மே 4இல், கோபத்தில், ஒரு தலாக் சொன்னேன். இருபத்துமூன்று வருட மனைவி. இப்போது பக்கத்து அறையில் இத்தா, அதாவது தலாக்கிற்குப் பிந்திய காத்திருப்பு, இருக்கிறாள். மாதவிடாய் நின்றவள், ஆதலால் மூன்று மாதம். அதற்குள் "மீட்டுக்கொள்கிறேன்" என்றால் போதும். ஆயினும் காரணத்தை நீக்கியபின் சொல்வதே முறை.

ஆக. 4, கடைசி நாள்:
(1) சீலை அகற்றல்
(2) மின்விசிறி
(3) சொல்லல்

ஆகஸ்ட் 1, வியாழன்
வெக்கை. மேசையில் பாண், பருப்பு, அவள் வைத்தது. பிழை கண்டேன்! முனைவாக்கத் தகடு தொண்ணூறு பாகை திரும்பியிருந்தது. ஒளியின் அதிர்வு ஆரை வழியே அமையாமல் வட்டத்தைச் சுற்றியே அமைந்தது. அதனால்தான் நடு வெறுமை. திருப்பினேன். பி.ப. 5.40: புள்ளி. ஊசிமுனை அளவு. கண் கலங்கியது.

விதிப்படி மூன்று அளவீடுகள். இரண்டாவதன்போது கதவில் தட்டல்.
"இஞ்சருங்க, ஒரு கதை இருக்கு."
"கதவத் திறக்காத. அளக்கிறன். நாளைக்குக் கதைப்பம்."
"நாளைக்கா?"
"ஓம்."
காலடி பக்கத்து அறைக்குத் திரும்பியது. பிறகு சூரியன் மறைய, மஃரிப் பாங்கு. மூன்று அளவீடுகளும் பொருந்தின.

ஆகஸ்ட் 2, வெள்ளி
மு.ப. 8. அவளுடைய அண்ணன், நஸீர் நானா, முச்சக்கர வண்டியோடு. பெட்டி கட்டியாயிற்று.
"நாலாம் திகதிதானே முடியுது?" என்றேன்.
"என்ன மச்சான், கம்பஸ்ல பிசிக்ஸ் படிப்பிக்கிற ஆள்! இத்தாவ இங்கிலீஷ் கலண்டர்லயா எண்ணுற? பிறைக் கணக்கு. நேத்து மஃரிபோட சரி."

நான் குறித்தது 92 நாள். சரியானது 89. நோன்பையும் பெருநாளையும் பிறை பார்த்துக் கொள்பவன், இதை மட்டும் சுவர்க் கலண்டரில் எண்ணினேன்.

அவள் சம்மதித்தால் புது நிக்காஹ் செய்யலாம். கேட்டேன். இனி அந்நிய ஆணாகிவிட்ட என் முன்னால் முதன்முறையாக முக்காட்டை இழுத்துவிட்டாள்.
"மூணு மாசம் பக்கத்து அறையிலதான் இருந்தன். நேத்துக் கதவும் தட்டினன். வண்டிய எடுங்க நானா."

ஆகஸ்ட் 4, ஞாயிறு
காற்று சற்றுக் குறைவு.
(1) செய்தேன். கடலேரி தெரிகிறது.
(2) செய்தேன். புள்ளி ஆடுகிறது.
(3)