ஆடி வெள்ளித் தோரணம்

அன்புள்ள விஜிக்கு,

இங்கன ஏலத்தோட்டத்துல மழையைத் தவிர எல்லாம் சுகம். அங்கன ஆத்தாவுக்கு மூட்டு வலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டுச்சா? மண்ணு சரிஞ்சு டவர் போயிருச்சு, அதான் போன் வரல. ராஜமணி அண்ணன் ஜீப்புல இதைக் கொடுத்து விடுறேன்.

பதறாம படி. ஆடி வெள்ளிக்கு லயத்து வீட்டு வாசல்ல மாவிலைத் தோரணம் கட்டுனேன். கிள்ளுன காம்புல வந்த பாலையும் மாம்பால்னு நெனச்சு, இடுப்புல கட்டியிருந்த கைலியிலயே துடைச்சேன். மாந்தோப்புல வளர்ந்த திமிரு. மறுநாள் சாயங்காலம் கை கொப்புளம் போட்டு, ஒரு கண்ணு வீங்கி மூடிருச்சு. கங்காணி வந்து பார்த்தாக.

"ஏலே, இது மாவிலை இல்லடா, சேரு மரத்து இலை. அந்தப் பால் பட்ட துணியைத் தொட்டாலே பொங்கிரும். கைலி எங்கன?"ன்னு கேட்டாக.

எனக்கு உசுரே இல்ல, விஜி. அப்பன் வாசனை இருந்தாத்தான் பாப்பா தூங்குறா, துவைக்காம ஒரு கைலி கொடுத்து விடுங்கன்னு கேட்டியே, அது அந்தக் கைலிதான். அன்னைக்குக் காலையிலயே அண்ணன்கிட்ட கொடுத்துட்டேன்.

அதுல தொட்டில் கட்டியிருந்தா உடனே பிள்ளையத் தூக்கிரு. சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, பெரியகுளம் ஆசுபத்திரிக்குக் கொண்டு போ. கைலியைக் குச்சியால எடுத்துப் புதைச்சிரு. எரிச்சிராத, புகையும் ஆகாதாம்.

இதே ஜீப்புல நானும் வந்திருப்பேன். இந்தக் கையோட பிள்ளையத் தொட்டுருவேனோன்னு பயமா இருக்கு.

அண்ணன் ஹாரன் அடிக்கிறாக. பாப்பாவுக்கு ஒண்ணுமில்லன்னு ஒரு வரி எழுதி அவுக கையில கொடு. இன்னொரு கண்ணும் மூடுறதுக்குள்ள படிச்சிக்கிறேன்.

மகிழன்