கிளினிக்குக்குக் கிளம்பும் முன்

கண்மணி போன வாரம்தான் கருக்கலைப்பு மாத்திரை சாப்பிட்டிருந்தாள். கருத்தடையை அடுத்த மாதவிடாய்க்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணவன் தனசேகரன் சொன்னதிலிருந்து இருவருக்கும் சரியான பேச்சில்லை. இன்று அவன் ஜூரோங்கில் வேலை முடிந்து வருமுன் சீட்டு எழுதி ரைஸ் குக்கர்மேல் வைத்தாள்.

"ஏங்க, சாம்பார் ஃபிரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. பாப்பாவ சைல்ட்கேர்லேர்ந்து கூட்டிட்டு வந்துடுங்க. நான் கிளினிக் போறேன். பீரியட் வர்றதுக்கு முன்னாடியே மறுபடி கரு உண்டாக வாய்ப்பிருக்கு, காத்திருக்க வேணாம்னு டாக்டர் சொன்னாங்க. அதான் இன்னிக்கே கையில கருத்தடை இம்ப்ளான்ட் வச்சுக்கறேன்."

செருப்பு மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் இருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"கோபத்துல போகலங்க. இன்னொரு தடவ அந்த வலி என்னால முடியாது. முடிஞ்சா பாப்பாவோட கிளினிக்குக்கே வாங்க. மூணு பேரும் தேக்கா கடைத்தெருவுல சாப்பிடலாம்."