ஊசி அக்காவின் வேலையைப் பறித்த இயக்குநர் மீது, அந்த இயக்குநரே கொடுக்கும் புகார்

அனுப்புநர்
பொறுப்பு இயக்குநர் (முன்னர் நாடகக் குழுவின் மேடை நிர்வாகி),
இணைந்த நாடக நடனக் குழு,
அரங்கக் கட்டடம், முதல் மாடி, படிக்கட்டை ஒட்டிய அறை.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
கலைத்துறை அலுவலகம்.

பொருள்: இரு குழுக்கள் இணைப்பு – நடனக் குழுவின் உடைப் பொறுப்பாளர் பதவியை 'இரட்டைப் பதவி' எனக் காட்டி நீக்கப் பரிந்துரைத்த பொறுப்பு இயக்குநர் மீது புகார் – இம்மாதம் 30ஆம் தேதிக்குள் பட்டியலைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: (1) இணைப்பு ஆணையின் பணியாளர் பட்டியல். (2) எனது சுற்றறிக்கைகள் 1 முதல் 18 வரை. (இவற்றைத் தாங்கள் படிக்க வேண்டியதில்லை. இங்கும் யாரும் படிக்கவில்லை.)

மதிப்புமிகு ஐயா,

1. இந்தப் புகாரைக் கொடுப்பவனும் நான்தான், புகாருக்கு உள்ளானவனும் நான்தான். தட்டச்சுப் பிழை என்று எண்ணித் தங்கள் அலுவலகத்தார் மனுவைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரும் 30ஆம் தேதி ஒருவருடைய வேலை போகிறது. அதற்குக் காரணம் என் கையெழுத்து. போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறும் அதிகாரம் எனக்கு இல்லை, தங்களுக்கு மட்டுமே இருக்கிறது.

2. நாடகக் குழுவில் பத்தொன்பது ஆண்டுகள் மேடை நிர்வாகியாக இருந்தவன் நான். யார் எந்தக் கதவு வழியாக வரவேண்டும், எங்கே நிற்கவேண்டும், எந்த வசனத்தில் விளக்கு அணையவேண்டும் என்று குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிவைப்பதும், ஒத்திகையில் மாற மாற அழித்து எழுதுவதும் என் வேலை. நான்கு மாதங்களுக்கு முன் எங்கள் குழுவும் நடனக் குழுவும் தங்கள் ஆணைப்படி ஒன்றாயின. இரு குழுக்களின் தலைவர்களும் ஒருவருக்குக் கீழ் ஒருவர் இருக்க மாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். யாருக்கும் வேண்டாதவன் இல்லை என்ற ஒரே தகுதியில் நான் பொறுப்பு இயக்குநர் ஆனேன். சுழல் நாற்காலி வந்தது, கதவில் பெயர்ப்பலகை வந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை.

3. முதல் வாரத்திலேயே பணியாளர் பட்டியல் என் மேசைக்கு வந்தது. ஒரே பெயரில் இரண்டு பதவிகள் இருந்தால் பணியில் இளையவரை நீக்கப் பரிந்துரைக்கும்படி அதில் குறிப்பு இருந்தது. உடைப் பொறுப்பாளர்கள் இருவர் இருந்தனர். நடனக் குழுவிலிருந்து வந்தவர் இளையவர். சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். மேசையில் இருந்த தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்த அம்மையாரின் முகத்தைக்கூட அதுவரை நான் பார்த்ததில்லை.

4. அவரை எல்லோரும் 'ஊசி அக்கா' என்பார்கள். சட்டைக் கழுத்தில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும். வயது நாற்பத்திரண்டு. எனக்கு ஐம்பத்து நான்கு. ஆனாலும் இப்போது நானும் அக்கா என்றே அழைக்கிறேன், வீட்டில் மனைவி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவர் அளவெடுக்கும்போது ஆள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அசையாமல் நிற்கவேண்டும். அவர் வாயில் குண்டூசிகள் இருப்பதால் பேச மாட்டார். எதிரே நிற்பவர் எத்தனை நேரம்தான் சும்மா நிற்பார்? பேசத் தொடங்கிவிடுவார். யாருக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, யாருக்குப் புதிய வசனம் மனதில் நிற்கவில்லை, யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதெல்லாம் இப்படித்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தன. என் அறைக்கு வந்து சேர்ந்தவை விடுப்பு விண்ணப்பங்கள் மட்டுமே.

5. இனி, தரையைப் பற்றி. இரு குழுக்களுக்கும் இருப்பது ஒரே ஒத்திகைக் கூடம். காலையில் நாடகம், மதியத்துக்குப் பின் நடனம். நாடகக்காரர்கள் தரையில் வண்ண டேப் ஒட்டுவார்கள்: நீலம் சுவருக்கு, மஞ்சள் மேசை நாற்காலிக்கு, சிவப்பு ஆள் நிற்கும் இடத்துக்கு. ஷூவோடு நடப்பார்கள். நடனக்காரர்களுக்கோ தரைதான் எல்லாம். வெறுங்காலில் ஆடுகிறவர்கள். டேப்பின் முனை கிளம்பினால் கால்விரல் மாட்டும், ஷூவில் வந்த மண் பாதத்தை அறுக்கும். ஷூவைத் தடைசெய்து ஆறாவது சுற்றறிக்கையை வெளியிட்டேன். நாடகக்காரர்கள் கொதித்ததும் பதினோராவது சுற்றறிக்கையால் அதைத் திரும்பப் பெற்றேன். இரண்டையும் ஒருவரும் சட்டை செய்யவில்லை.

6. முதல் கூட்டு நிகழ்ச்சிக்குப் பதினொரு நாட்கள் இருந்தபோது நடனக்காரப் பெண் ஒருத்திக்கு டேப்பில் மாட்டிக் கால்நகம் பெயர்ந்தது. மறுநாள் காலை நடனக்காரர்கள் பதினான்கு பேரும் சீக்கிரமே வந்தார்கள். தரையில் கிடந்த டேப் எல்லாம் ஏதோ பழைய நாடகத்தின் மிச்சம் என்று நினைத்து ஒன்று விடாமல் உரித்தார்கள். உரித்ததோடு விடவில்லை, புதிய சகாக்களுக்கு ஒரு நல்லது செய்வோம் என்று சோப்பு நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, கண்ணாடிபோல் ஆக்கிவைத்துவிட்டு, பாராட்டுக்காக வாசலில் வரிசையாகக் காத்து நின்றார்கள். மூன்று வார ஒத்திகை முழுவதும் அந்த டேப்பில்தான் இருந்தது.

7. எல்லா நாடகங்களிலும் அப்பாவாக நடிப்பதால் நாங்கள் 'அப்பா' என்றே அழைக்கும் மூத்த நடிகர் முதலில் உள்ளே வந்தார். தரையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. குறிப்பேட்டைக் கொண்டுவா என்று என்னிடம் ஆள் அனுப்பினார். இங்குதான் என் முதல் குற்றம் வெளிப்படுகிறது. குறிப்பேட்டில் முதல் நான்கு நாட்களின் இடங்கள் மட்டுமே இருந்தன. நாற்காலி மாறியதும் பென்சிலை நான் தொடவில்லை, வேறு யாரையும் தொடச் சொல்லவும் இல்லை. இதை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக, கதவைச் சாத்திக்கொண்டு, பதினான்கு பேர் மீதும் விசாரணை கோரி பதினெட்டாவது சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தேன். முத்திரை குத்திக்கொண்டு நான் கீழே இறங்குவதற்குள் நடனக்காரர்கள் பைகளைக் கட்டிவிட்டார்கள். நாடகக்காரர்கள் தாங்களும் நடிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். இணைப்பு அன்றே முறிந்திருக்கும்.

8. மூலையில் ஊசி அக்கா ஒரு அங்கியின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "பையைக் கீழ வைங்கம்மா. எப்பவும் ஆடற மாதிரி ஒரு தடவ ஆடிட்டுப் போங்க" என்றார். நாடகக்காரர்கள் பக்கம் திரும்பி, துணியில் கோடு போடும் சாக்பீஸை உடைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். "ஷூவக் கழட்டிட்டு ஓரமா உக்காருங்க. இவங்க கால் எங்க தயங்குதோ அங்க ஒரு வட்டம் போடுங்க" என்றார். ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

9. ஐயா, அடுத்து நடந்ததைச் சொல்ல அலுவலகத் தமிழ் போதாது. ஆனாலும் முயல்கிறேன். மூன்று வாரங்களாக நடனக்காரர்கள் டேப்புகளுக்கு நடுவேதான் ஆடியிருந்தார்கள். மிதித்துவிடக் கூடாதே என்று ஓரிடத்தில் அடியைக் குறுக்கியிருந்தார்கள், வேறோர் இடத்தில் குதிகாலைத் தூக்கியிருந்தார்கள். அது அவர்களுக்கே தெரியாது. காலையில் நாடகத்தையும் மதியம் நடனத்தையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர் இந்தக் கட்டடத்தில் ஊசி அக்கா ஒருவர்தான், மூலையில் தையல் வேலை இருந்ததால். இப்போது டேப் இல்லாத வெறும் தரையில் ஆடினார்கள். கால்கள் மட்டும் டேப்பை மறக்கவில்லை. குறுக்கிய அடியை அதே இடத்தில் குறுக்கின, தூக்கிய குதிகாலை அதே இடத்தில் தூக்கின. வாழ்நாளில் தரையில் உட்காராத நடிகர்கள் அவர்கள் பின்னாலேயே முட்டிபோட்டு ஊர்ந்து வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டே போனார்கள். திடீரென்று அப்பா ஒரு வட்டத்தின் நடுவே எழுந்து நின்று, "ஏய், இது என் நாற்காலி! இங்கதான்டா நான் சாவேன்!" என்று ஆனந்தமாகக் கத்தினார். அங்கிருந்து நாடகத்தில் வரும் கதவுக்கு நான்கு எட்டு வைத்தார். கதவு இருந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு வட்டம் இருந்தது. முக்கால்வாசி இடங்களைக் கால்கள் காட்டிக்கொடுத்தன, மிச்சத்தை அவற்றிலிருந்து எண்ணி நடிகர்களே கண்டுபிடித்தார்கள். எத்தனையோ பெரிய கலைஞர்களைத் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அப்படி ஒரு காட்சியை எந்த மேடையிலும் பார்த்ததில்லை. கையிலிருந்த சுற்றறிக்கையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நானும் முட்டிபோட்டேன். அக்கா என் பக்கம் ஒரு சாக்பீஸ் துண்டை நீட்டினார். பிறகு போய் அங்கியின் மிச்ச ஓரத்தைத் தைக்க உட்கார்ந்துவிட்டார்.

10. அன்றிலிருந்து இரு குழுக்களின் ஷூக்களும் கூடத்தின் வாசலிலேயே கிடக்கின்றன. யாரும் யாரையும் கழற்றச் சொல்லவில்லை. டேப்பை இப்போது நடனக்காரர்களே ஒட்டுகிறார்கள், முனை கிளம்பாமல் கரண்டியின் முதுகால் தேய்த்துவிடுகிறார்கள். அதிகாரம் என்பது கையெழுத்திலும் முத்திரையிலும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வேறெங்கோ இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். வெட்கத்தைவிட வியப்புத்தான் எனக்கு அதிகமாக இருந்தது.

11. இம்மாதம் 9ஆம் தேதி, நிகழ்ச்சிக்கு ஐந்து நாட்கள் இருக்கையில், தங்கள் அலுவலகத்தின் இறுதிப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. என் பழைய சிவப்புக் கோடு அதில் அச்சாகி வந்திருந்தது. நான் அதை அடியோடு மறந்திருந்தேன், இது என் இரண்டாவது குற்றம். படிக்கட்டிலிருந்து பார்த்தேன். அக்கா வாயில் குண்டூசிகளோடு பலகைக்கு முன்னால் நின்று படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு உள்ளே போய், பாதியில் விட்டு வந்த சட்டைக்கைக்குக் குண்டூசி குத்தினார். யாராவது என் அறைக்கு வந்து சண்டை போடுவார்கள் என்று அன்று முழுவதும் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. எதிரே வந்தவர்கள் மரியாதையாக வணக்கம் சொல்லி ஒதுங்கிப் போனார்கள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. நிகழ்ச்சி மூன்று நாட்களும் நடந்து, அரங்கம் எழுந்து நின்று கைதட்டி ஓய்ந்த பிறகு, 17ஆம் தேதிதான் அப்பா என்னிடம் விஷயத்தைச் சொன்னார். அக்கா அன்றே எல்லோரையும் கூப்பிட்டு, "நிகழ்ச்சி முடியற வரைக்கும் இதப் பத்தி யாரும் வாயத் தெறக்கக் கூடாது. மேல போய் சாரையும் கேக்கக் கூடாது. அவரு பாவம், ஏற்கெனவே பயந்து போயிருக்காரு" என்றாராம். நாற்பது பேர் ஒன்பது நாட்கள் வாயைத் திறக்கவில்லை. குழாயை மூடிவிட்டுப் போகும்படி நான் போட்ட நான்காவது சுற்றறிக்கையை இன்றுவரை ஒருவர்கூட மதித்ததில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

12. சட்டப்படியும் இது இரட்டைப் பதவி அல்ல. நாடகக் குழுவின் உடைப் பொறுப்பாளர், வேலை தப்பியவர், தாமாகவே என்னிடம் வந்து, "நான் பெட்டியப் பூட்டி இஸ்திரி போட்டு வைக்கிறவன். அவங்க தைக்கிறவங்க. ரெண்டும் ஒரே வேலைன்னு எந்த மகராசன் எழுதினது?" என்று கேட்டார். எழுதிய மகராசன் நான்தான் என்று சொன்னேன். அவரது வாக்குமூலத்தை இத்துடன் இணைத்துள்ளேன். ஆகவே பட்டியலில் உள்ள அந்த நீக்கத்தை ரத்து செய்யுமாறு வேண்டுகிறேன். எண்ணிக்கை சரியாக வருவதற்கு ஒரு பதவி போயே தீரவேண்டும் என்றால், பொறுப்பு இயக்குநர் பதவியை நீக்கிக்கொள்ளலாம். மேடை நிர்வாகி இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, நான் அங்கே போய்விடுகிறேன்.

13. இந்தப் பத்தி நீக்கப்பட்டது.

14. நீக்கிய காரணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். ஊசி அக்காவையே இக்குழுவின் இயக்குநராக நியமிக்கவேண்டும் என்று அந்தப் பத்தியில் இரண்டு பக்கம் உருகி உருகி எழுதியிருந்தேன். நேற்று மதியம் மனுவை அவரிடம் படித்துக் காட்டினேன். பட்டன் தைத்துக்கொண்டே கடைசிவரை கேட்டார். "அந்தப் பதிமூணாவது வேணாம் சார், எடுத்துடுங்க. எனக்கு என் வேலை போதும். அதத் திருப்பித் தரச் சொல்லி மட்டும் எழுதுங்க. வீட்ல ரெண்டு பேரு படிக்கறாங்க" என்றார். பதிலுக்குச் சொல்ல ஏழெட்டுக் காரணங்கள் தயாராக வைத்திருந்தேன். அவற்றையும் அந்தப் பத்தியோடு சேர்த்து எடுத்துவிட்டேன்.

15. 30ஆம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாட்களே உள்ளன. நான் இதை எழுதும் இந்த நேரத்தில் அவர் கீழே, இரு குழுக்களும் சேர்ந்து நடத்தப்போகும் அடுத்த நாடகத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறார். அதன் முதல் காட்சி அடுத்த மாதம் 12ஆம் தேதி. அன்றைக்குத் தாம் இங்கே இருக்கப்போவதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், ஆட்கள் சற்று உடம்பு போட்டால் பிரித்துவிட வசதியாக இருக்கட்டும் என்று மடிப்பில் இரண்டு விரல் துணி கூடுதலாக விட்டு வெட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தத் துணியை அவரே பிரித்துத் தைக்கும்படி செய்யுங்கள், ஐயா.

நாள்: இம்மாதம் 21, செவ்வாய்க்கிழமை
இடம்: ஒத்திகைக் கூடத்துக்கு மேல், முதல் மாடி

இப்படிக்கு,
புகார் கொடுத்தவனும் புகாருக்கு உள்ளானவனுமான
பொறுப்பு இயக்குநர்
(கையொப்பம்)

இணைப்பு: நாடகக் குழு உடைப் பொறுப்பாளரின் வாக்குமூலம், ஒரு பக்கம். இரு குழுக்களையும் சேர்ந்த நாற்பது பேரின் கையொப்பங்கள், மூன்று பக்கங்கள்.