டிக்கியில் இருந்த பெயர்

ஜூலை 1, செவ்வாய்

வண்டியைக் கழுவினேன். அழகு ஒன்றும் கூடிவிடவில்லை, அசிங்கம் இன்னும் நன்றாகத் தெரிகிறது. ஒரு காலத்தில் சிவப்பு வண்டியாம். இந்த அல் ஐன் பாலைவன வெயில் தின்று தின்று, பானெட்டும் கூரையும் சாயம் போன ரோஸ் பாவாடை மாதிரி ஆகிவிட்டன. கையால் தேய்த்தால் உள்ளங்கையில் மாவு ஒட்டுகிறது.

ஆகஸ்ட் நாலாம் தேதி பாசிங், வருஷா வருஷம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி வாங்கவேண்டிய டெஸ்ட். போன வருஷமே டெஸ்ட் பண்ணின ஆள் பெயிண்டைக் காட்டி, அடுத்த தடவை இப்படிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றிருக்கிறான். என் வீட்டுக்காரர் வீரபாண்டி என்னடாவென்றால், "ஃபெயிலானா ஸ்க்ராப்புக்குத் தள்ளுவோம், விடு வள்ளி" என்கிறார். சொல்லமாட்டாரா? வாரம் முழுக்க முசாஃபாவில் கம்பெனி லேபர் கேம்பில் இருந்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர். கேம்பில் நிறுத்த இடம் இல்லாததால் வண்டி இந்த வில்லா காம்பவுண்டில் என்னோடு கிடக்கிறது. அடுத்த மாதம் எனக்கு ரோடு டெஸ்ட். லைசென்ஸ் வந்து வண்டி போய்விட்டால் எதை ஓட்டுவது, அம்மிக்கல்லையா?

நானே பாலிஷ் பண்ணப் போகிறேன். ஒரு மண்ணும் தெரியாது. வீடியோ பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூலை 3, வியாழன்

செத்தேன் என்று நினைத்தேன்.

பானெட் மூலையில், பெயிண்ட் தேய்க்கிற காம்பவுண்ட் பசையைத் தடவித் தேய்த்தால் துணி முழுக்கச் சிவப்பு. பெயிண்ட் மொத்தமும் கையோடு வந்துவிட்டது என்று மாடிக்கு ஓடினேன். மாடி போர்ஷனில் ஷம்சியா, கீழக்கரைக்காரி. அவள் வீட்டுக்காரர் கௌஸ் முகம்மது, பட்டறைகள் இருக்கிற சனாயாவில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கிறார். பசையும் அவர் கடையில் வாங்கியதுதான். இறங்கி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பழைய பெயிண்டு இப்புடித்தான்மா. மேல செத்த தோலு உரியுது. தொடச்சுட்டுப் பாருங்க."

துடைத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு, நிஜமான சிவப்பு. இந்த வண்டி இப்படியா இருந்தது?

ஜூலை 8, செவ்வாய்

கௌஸ் அண்ணன் பாலிஷ் மிஷின் இரவல் தந்தார். வேகத்தைக் கூட்டாதீங்க, விளிம்பில் வைக்காதீங்க என்று இரண்டே இரண்டு சொன்னார். இரண்டையும் செய்தேன். பானெட் விளிம்பில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயிண்ட் கருகிப் போய் அடியிலிருந்து வெள்ளை எட்டிப் பார்க்கிறது. அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. ரிசப்ஷனுக்கு வாங்கின சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து அதன்மேல் பூசினேன்.

ஜூலை 9, புதன்

நெயில் பாலிஷ் காய்ந்து ஆரஞ்சாகிவிட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று இவர் வந்ததும் வண்டியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நீயா பண்ணின?" என்று மூன்று தடவை கேட்டார். நெயில் பாலிஷைக் கண்டுபிடித்து விழுந்து விழுந்து சிரித்தார். "வண்டிக்கு மருதாணி வச்சுவிட்டிருக்கா" என்று கௌஸ் அண்ணனிடம் வேறு சொல்லிக் காட்டினார்.

அப்புறம் பின்பக்கம் போனார். சிரிப்பு நின்றது.

"பின்னாடி ஒண்ணும் பண்ணாத. முன்னாடி போதும்."

டிக்கி மேல் பெரிய முருகன் ஸ்டிக்கர் இருக்கிறது. வெயிலில் வெடித்து, வேல் மட்டும்தான் மிச்சம். சாமி மேல் கைவைக்கக் கூடாது என்று நினைக்கிறார் போலிருக்கிறது. ஆனால் பாதி வண்டி சிவப்பு, பாதி ரோஸ் என்றால் எந்த ஊரில் பாஸ் போடுவான்? புது ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிவிட்டால் சாமிக்கும் குறை இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

இவர் அம்மா, என் அத்தை, திருமங்கலத்திலிருந்து போன் பண்ணினார்கள். "ஆடிப் பதினெட்டு ஞாயித்துக்கெழம வருது. தாலிக்கயிறு மாத்திக்க. அங்க யாரு இருக்கா உனக்குக் கட்டிவிட? நமக்குத்தான் பொம்பளப்புள்ள இல்லாத வீடாப் போச்சே."

கல்யாணத்தன்றும் இதே பேச்சு. முதல் முடிச்சு இவர் போட்டார். மற்ற இரண்டும் நாத்தனார் போடவேண்டியது. கூடப்பிறந்தவள் இல்லை என்று சித்தப்பா மகள் சந்தியாவைக் கூப்பிட்டுப் போடச் சொன்னார்கள். என் கூட்டாளிகளுக்கெல்லாம் பொறாமை. நாத்தனார் பிக்கல் பிடுங்கல் இல்லாத வீடு, கொடுத்துவைத்தவள்டி என்றார்கள்.

ஜூலை 17, வியாழன்

முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஹேர் டிரையரால் சூடு காட்டி ஸ்டிக்கரை உரித்தேன். குப்பையில் போட மனசு வரவில்லை, மடித்துச் சாமி அலமாரியில் வைத்தேன்.

திரும்பி வந்து துடைத்தால் அடியில் எழுத்து.

அகிலா.

தமிழில், பெரிய எழுத்தில். ஒட்டினது இல்லை, எழுதினதும் இல்லை. முன்னே எப்போதோ எழுத்து ஒட்டியிருந்த இடம் வெயில் படாமல் சிவப்பாகவே நின்றுவிட்டது. சுற்றிலும் வெளுத்துவிட்டது. எழுத்தைப் பிய்த்த பிறகும் பேர் போகவில்லை. அதனால் மேலே முருகனை ஒட்டியிருக்கிறார்.

இவருக்கு முன்னால் இந்த வண்டி ஒரு பிலிப்பைன்காரரிடம் இருந்தது. தமிழ்ப் பேரை அவரா ஒட்டினார்?

யாரு அவ?

ஜூலை 18, வெள்ளி

தூங்கவில்லை. ஷம்சியாவிடம் காட்டினேன். "ஆம்பளைங்க கல்யாணத்துக்கு முந்தி ஆயிரம் வச்சிருப்பாங்க புள்ள. இப்ப ஒன்னோடதானே இருக்காரு. தேச்சு விட்டுட்டு வேலையப் பாரு."

தேய்த்தால் போய்விடும், அதுதான் வேடிக்கை. சுற்றியிருக்கிற வெளுப்பை எடுத்தால் எல்லாம் ஒரே சிவப்பு. பேர் இருந்த தடமே இருக்காது. பத்து நிமிஷ வேலை. மிஷினைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். இன்னும் கேட்கவில்லையே. கேட்காமல் அழித்துவிட்டு, அவளை மனசுக்குள் வைத்துக்கொண்டு நான் எப்படிக் குடும்பம் நடத்துவது?

ஜூலை 21, திங்கள்

நேற்று கேட்டேன்.

சாப்பாட்டில் கை வைத்திருந்தார். "டிக்கில ஸ்டிக்கரை எடுத்தேன். அகிலா யாரு?" எழுந்துபோய்க் கழுவிவிட்டு வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா, மாட்டிக்கிட்டா எல்லாருக்கும் தங்கச்சிதான்."

போனில் எங்கேயோ உள்ளே தோண்டி ஒரு படத்தைக் காட்டினார். பள்ளிக்கூட யூனிபார்ம், ரெட்டைச் சடை, பக்கத்தில் மீசை முளைக்காத இவர். அதே மூக்கு. அதே கோணல் பல்.

அவளைப் படிக்கவைக்கத்தான் இந்த ஊருக்கே வந்தாராம். முதல் வண்டி வாங்கியதும் அவள் பேரை ஒட்டிப் படம் எடுத்து அனுப்பினாராம். கூடப் படித்த யஹ்யா என்கிற பையனை அவள் கட்டிக்கொண்டாள். அத்தை அவளுக்குத் தலை முழுகிவிட்டார்கள். அவள் வாசலை மிதித்தால் தூக்கில் தொங்குவேன் என்று சத்தியம். ஊரில் அவள் பேரை யாரும் எடுப்பதில்லை. என் வீட்டாரிடம், பிள்ளை ஒற்றைக்கு ஒற்றை என்று சொல்லிப் பெண் கேட்டார்கள்.

"இப்ப எங்க இருக்கா?"

"ஷார்ஜா."

ஷார்ஜாவா? ஒன்றரை மணி நேரம். வருஷக் கணக்காக ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள், இவர் போகவில்லை.

காதலியாக இருந்திருந்தால் ஒரு வாரம் அழுது தீர்த்திருப்பேன். இது என்ன இது? என் கழுத்துல கட்டுன முடிச்சுல ரெண்டு பொய் முடிச்சு. மேடையில அத்தன பேரு நின்னீங்களே, ஒருத்தர் வாயிலயும் வரலயா? எல்லாரும் சேர்ந்து என்னையும் அந்தப் புள்ளையையும் ஏமாத்திட்டீங்க.

மிஷினைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். "பத்து நிமிஷத்துல போயிரும். உங்க கையால அழிங்க. நான் அழிக்க மாட்டேன்."

"போயிருமா?" என்றார். "பெட்ரோல் போட்டெல்லாம் தேச்சுப் பாத்தேன் வள்ளி, போகல. அதான் சாமிய ஒட்டினேன்."

ரொம்ப நேரம் மிஷினை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஸ்விட்சைப் போடவில்லை. இன்று விடியும் முன்னே பஸ்ஸுக்குப் போய்விட்டார். மிஷின் நாற்காலியில் இருந்தது.

ஜூலை 23, புதன்

போன் வந்தது. சாப்டியா, சாப்டேன். வச்சிரவா, வைங்க.

ஜூலை 27, ஞாயிறு

நேற்று வந்தார், நேராகப் படுக்கப் போனார். கூரை, நாலு கதவு எல்லாம் நான் முடித்துவிட்டேன். வண்டி மற்ற எல்லாப் பக்கமும் சிவப்பு, டிக்கி மட்டும் ரோஸ், அதில் அந்த மூன்று எழுத்து. பாசிங்குக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. இப்படியே கொண்டுபோனால் டெஸ்ட் பண்ணுகிறவன் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

மத்தியானம் ஷம்சியா பிரியாணி கொடுத்துவிட்டாள். இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டார். எனக்கு எங்கிருந்தோ பற்றிக்கொண்டு வந்தது.

"இவங்க வீட்டுப் பிரியாணி இறங்குது. தங்கச்சி வீட்டுத் தண்ணி மட்டும் இறங்காதோ?"

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். சொல்லியிருக்கக் கூடாதோ? கூடாதுதான். ஆனால் சொன்னதில் எது தப்பு?

ஜூலை 30, புதன்

என்ன காரியம் செய்துவிட்டேன்.

அத்தை போன். "கயிறு வாங்கிட்டியா? யாரக் கூப்ட்டுக் கட்டிக்கப் போற?"

வாயில் வந்துவிட்டது. "நாத்தனாரைத்தான் அத்தை. ஷார்ஜால இருக்காள்ல."

லைன் கட்.

பெரியவர்கள் ஏதாவது செய்துகொண்டால்? சத்தியம் செய்திருக்கிறார்களே. இவருக்குப் போன் போட்டால் பிஸி, பிஸி, பிஸி. அம்மாவிடம்தான் பேசிக்கொண்டிருப்பார். இந்த வண்டியை நான் தொட்டிருக்கவே வேண்டாம். ரோஸாகவே கிடந்து ஸ்க்ராப்புக்குப் போயிருக்கலாம்.

ஜூலை 31, வியாழன்

இவர் போனை எடுக்கவில்லை. திருமங்கலத்தில் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போட்டேன். அத்தை வாசல் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். அதற்கப்புறம்தான் ஒரு வாய் சோறு இறங்கியது.

ஆகஸ்ட் 2, சனி

வந்தார். பையை வைத்தார். திட்டப்போகிறார், அடிக்கக்கூடச் செய்வார் என்று சுவரோரமாக நின்றேன். இதுவரை கை ஓங்கினவர் இல்லை. ஆனால் அந்த மாதிரி முகத்தை நான் பார்த்ததும் இல்லை.

"அம்மா ரெண்டு நாளாக் கத்துச்சு" என்றார். "உன்னை, என்னை, அவளை, எல்லாத்தையும். கடைசில வைக்கப் போறப்ப, அவளுக்குப் புள்ள எத்தனன்னு கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"தெரியலன்னேன்."

சொல்லிவிட்டு அழுதார். இரண்டு வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது, ஆனால் போய்த் தொடவில்லை. கோபம் இன்னும் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "காலைல கிளம்புவோம். யஹ்யா நம்பர் வாங்கிட்டேன்" என்றார். எடுப்பானா என்று அவர் கேட்க, போட்டால்தானே தெரியும் என்று நான் சொல்ல, இரண்டு ரிங்கில் எடுத்துவிட்டான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பதினெட்டு

வழி நெடுக இவர் ஸ்டியரிங்கில் கை வேர்த்து வேர்த்துத் துடைத்துக்கொண்டார். பாதியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, திரும்பிடலாமா என்றார். நான் இறங்கி டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவர்கள் பில்டிங்கில் பார்க்கிங் தரைக்கு அடியில். லிப்ட் பக்கத்தில் நின்றிருந்தாள். படத்தில் பார்த்ததைவிடக் குண்டு. அதே பல். யஹ்யா நாலடி தள்ளி நின்றான், வரலாமா வேண்டாமா என்கிற மாதிரி. இவர் இறங்கி வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவள் இவரைப் பார்க்கவில்லை, நேராக வண்டியின் பின்பக்கம் போனாள்.

"இன்னும் வச்சிருக்கியாண்ணே."

"ஒளிச்சுல்ல வச்சிருந்தேன்" என்றார் இவர். "ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சுட்டேன் அகிலா." அவள் வந்து இவர் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். அப்புறம் அங்கேயே சாய்ந்துகொண்டாள். யஹ்யா வந்து, "மேல வாங்க மச்சான், புள்ள தனியா இருக்கு" என்றான்.

பிள்ளை பேர் இஃப்பத். நாலு வயசு. இவர் அவளை மடியில் வைத்துக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டார். "ஒண்ணுதாம்மா. பொம்பளப்புள்ள." அத்தை என்ன சொன்னார்களோ கேட்கவில்லை. இவர் ரொம்ப நேரம் ம் கொட்டிக்கொண்டிருந்தார்.

மஞ்சள் கயிற்றை எடுத்து அகிலாவிடம் நீட்டினேன். அவள் யஹ்யாவைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். "நான் போடலாமா அண்ணி?"

"உன் முடிச்சு. வேற யாரு போடுறது?"

இவர் முதல் முடிச்சைப் போட்டார். மற்ற இரண்டையும் அவள் போட்டாள்.

சாப்பிட்டுக் கீழே வந்ததும் யஹ்யா டிக்கியைப் பார்த்து, நாளைக்குப் பாசிங்கில் இது நிற்காதே என்றான். இவர், ஃபெயிலானா ஆகட்டும் என்றார். அகிலாதான், வண்டிக்குள் நான் போட்டுவைத்திருந்த பசையையும் துணியையும் பார்த்து, என்னிடம் கை நீட்டினாள்.

"அண்ணிக்கு வண்டி வேணும்ல. அந்தத் துணியைக் குடுங்க."

கையாலேயே தேய்த்தாள். துணி சிவப்பாகச் சிவப்பாக இவர் மடித்து மடித்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இவர் லீவு போட்டார், இரண்டு பேரும் போனோம். பாசிங் ஆகிவிட்டது. நெயில் பாலிஷை அந்த ஆள் நகத்தால் சுரண்டிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. புது முருகன் ஸ்டிக்கர் டாஷ்போர்டில் சும்மா கிடக்கிறது. எங்கே ஒட்டுவது என்று இவரைக் கேட்டேன். உள்ளே கண்ணாடிப் பக்கம் ஒட்டிக்கோ என்றார்.

புதுக் கயிறு கழுத்தில் உறுத்துகிறது. அகிலா முடிச்சைப் பெரிசாகப் போட்டுவிட்டாள்.